அறுபத்து மூன்றாவது நட்சத்திரம்

திரையில் பெயர் இருக்கிறது, எப்சிபா என்று, என் அக்காவின் பெயர். பக்கத்தில் அவள் வளர்க்கும் கறுப்புக் கோழியின் வட்டப் படம், தேதி, நேரம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை, வெள்ளைக்குக் கீழே மஞ்சளாக ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரம் நான் போட்டது, பார்த்தேன், பிடித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். கீழே போனால் வெள்ளிக்கிழமை, அதிலும் பெயர், கோழி, வெள்ளை, நட்சத்திரம். வியாழன். புதன். போன வாரம், அதற்கு முந்தின வாரம், மாசி, தை. எண்ணிவிட்டேன், அறுபத்திரண்டு. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன், அப்போதும் அறுபத்திரண்டுதான், அவளும் அதைத்தானே எழுதியிருக்கிறாள். "பியூ, நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. பாடம் வாசிக்கச் சொல்லி ஐயரம்மா கேக்காங்க. அறுபத்திரண்டு நாளும் ஒண்ணு விடாம கேட்டது நீ ஒருத்திதான். மொத நாளுக்கும் இன்னைக்கும் எவ்வளவோ மாறியிருக்குன்னு எனக்குத் தோணுது, ஆனா என் காதை நானே நம்ப முடியாதுல்லா. உண்மையைச் சொல்லு. வாசிக்கட்டுமா?" எங்கள் பக்கம் சபைக் குருவானவரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அது விளங்குகிறது. நாளைக் காலை ஆராதனையில் எழுந்து நின்று வேதபாடம் வாசிப்பது, அதுவும் விளங்குகிறது. கேட்டது என்கிறாளே, எதைக் கேட்டது? நான் எதையும் கேட்கவில்லையே. இந்த வெள்ளையில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பத்தரை மணிக்கு இதை வாசித்தபோது கையில் புளி கரைத்த ஈரம் இருந்தது, நைட்டியில் துடைத்துக்கொண்டு இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தேன், அடுப்பை அணைத்தேனா என்று ஒரு நிமிஷம் சந்தேகம், அணைத்திருக்கிறேன், வாசனை வரவில்லை.

சர்வர் என்று நான் பெருமையாகச் சொல்வது இந்தப் பழைய பெட்டியைத்தான். நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக்கின் லேபில் கழித்துக் கட்டியதை எழுதிக் கொடுத்து வாங்கி வந்து, நானே சுத்தம் செய்து, நானே மென்பொருள் ஏற்றி, என் பழைய மாணவர்கள், பாடகர் குழுத் தோழிகள் என்று பத்தொன்பது பேர் எழுதவும் படிக்கவும் ஓர் இடம் செய்துவைத்தேன். அக்கா இருப்பது வேறு சர்வரில், குரல் போனவர்களுக்காக எங்கோ வெளியூர்க்காரர் ஒருவர் நடத்துவது. இது வேறு வீடு, அது வேறு வீடு, ஆனாலும் அவள் அங்கே போடுவது இங்கே வந்துவிடும், நான் இங்கே தட்டும் நட்சத்திரம் அங்கே அவளுக்குத் தெரியும். அப்படித் தெரியும்படிதான் இதைக் கட்டியிருக்கிறார்கள். அப்படியானால் எங்கோ அடைத்திருக்கிறது. முதலில் வரிசையைப் பார்க்க வேண்டும், வெளியிலிருந்து வந்தவை உள்ளே போக முடியாமல் தேங்கி நிற்கிறதா என்று. நிற்கவில்லை, பூஜ்யம். சேமிப்பு வட்டில் இடம்? பாதிக்கு மேல் காலி. கடிகாரம் பிந்தியிருந்தால் அடுத்த சர்வர் நம்மை நம்பாது, கதவைச் சாத்திவிடும், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுப்பது; சுவர்க்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தேன், பத்து ஐம்பத்திரண்டு, பத்து ஐம்பத்திரண்டு. மற்ற சர்வர்களிலிருந்து படம் வருகிறது, பாட்டு வருகிறது, ஒரு தோழி காலையில் போட்ட மாங்காய்ப் பிஞ்சுகூட வந்திருக்கிறது. அக்காவுடையது மட்டும் வெள்ளை. கர்த்தாவே, இது மென்பொருளின் கோளாறாக இருக்கட்டும். போன மாதம் புதுப் பதிப்பு ஏற்றினேனே, அதில் ஏதோ ஒன்று உடைந்திருக்கட்டும், எழுதியவன் எவனோ ஒரு வரியைத் தப்பாக எழுதியிருக்கட்டும். அக்காவிடம் சொல்வதற்கு அது எவ்வளவு நல்ல வாக்கியம், எங்க சர்வர்ல ஒரு கோளாறுக்கா. ஆனால் அந்த வாக்கியம் நட்சத்திரத்தில் வந்து முட்டிக்கொள்கிறது. கோளாறு சரி, நட்சத்திரம்? அதை எந்தக் கோளாறு போட்டது?

"பியூலா, குருத்தோலை வாங்கப் போறேன், சர்ச்சுக்கு எத்தன கட்டு சொன்னாங்க?" வாசலிலிருந்து என் வீட்டுக்காரர். நாற்பது என்றேன். "நாப்பதா, நானூறா?" நாற்பது கட்டு என்றேன். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. எல்லாம் கேட்கிற காது. பிரஷர் குக்கர் கேட்கும், தண்ணீர் லாரி கேட்கும், லேபில் கடைசி வரிசையில் எவன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான் என்று கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் கழுத்தைத் திறந்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி நல்லபடியாகப் போயிற்று, குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று சோர்ந்துவிட்டது, சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். பாடகர் குழுவில் முப்பது வருஷம் ஆல்ட்டோ பாடியவள். கீழ்க்குரல், யாரும் தனியாகக் கவனிக்காத குரல், அது நின்றுபோனால்தான் பாட்டுக்குத் தரை இல்லை என்று தெரியும். எங்கள் அப்பா எங்களுக்கு வேதாகமத்தின் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பெயர்களை வைத்தார், எப்சிபா, பியூலா. எங்கே போனாலும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். மேடையில்கூட அவள் பக்கத்தில்தான் நான், எனக்குச் சுதி தப்பினால் அவள் முழங்கை என் விலாவில் படும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்தில், அவள் இப்போது இருக்கும் நாசரேத் ஊரிலிருந்து போன் செய்தாள். காற்று மட்டும் வந்தது. சொல் இருக்கும் இடத்தில் காற்று, நடுவில் கீறல் விழுந்த மாதிரி ஏதோ ஒன்று. என்னக்கா, சத்தமா சொல்லு என்றேன். மறுபடி காற்று. என்ன சொன்னேன் அப்போது? எனக்கு வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது, மறந்துவிட்டதாக யாரிடமாவது சொன்னால் அது பொய். "ஒண்ணும் கேக்கலக்கா, எனக்கு நேரமாச்சு, எழுதி அனுப்பேன்." அன்றிலிருந்து அவள் போன் செய்யவில்லை. எழுதினாள். நானே அந்த வெளியூர் சர்வரைத் தேடிக் கண்டுபிடித்து, கணக்குத் தொடங்கிக் கொடுத்து, பாருக்கா, இனிமே தினமும் பேசலாம் என்று சொல்லி, அதைப் பெரிய உபகாரம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒழுங்காகத்தான் வாசித்தேன். கோழி அடைகாத்தது, கிணற்றில் மோட்டார் இறங்கியது, பெங்களூரிலிருந்து மகள் வந்தது, எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். பிறகு பதில் சின்னதாயிற்று. பிறகு நட்சத்திரம். காலையில் பாலைப் பொங்கவிடாமல் ஒரு கையால் அடுப்பைக் குறைத்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவேன், அக்கா, தோழி ஷீலா, மாங்காய், அக்கா. தை மாத நடுவில் ஒரு நாள் அவள் எழுதினாள், "இனிமே எழுத்து கிடையாது, பாரு." கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நாசரேத் போகவில்லை, அந்தக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன், தணியட்டும் என்று விட்டுவிட்டேன், விடுவதற்கு முன்னால் அதற்கும் ஒரு நட்சத்திரம். மறுநாள் வெள்ளை வந்தது. அதற்கு மறுநாளும். இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை மனசில் லேசாக உறுத்தியது, என்ன இவள் ஒன்றுமே எழுதாமல் போடுகிறாள், பையில் கிடக்கும்போது கைபட்டுப் போகிறதோ என்று. கேட்டிருக்கலாம். ஒரு வரி. என்னக்கா வெறும் வெள்ளையா வருதே. கேட்டால் பேச வேண்டிவரும், கிறிஸ்துமஸ் வரும், நீ வரமாட்டேங்கியே வரும். வெள்ளை எனக்கு வசதியாக இருந்தது. அதுதான் உண்மை, அதைச் சுற்றி என்ன நினைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. வெள்ளைக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

லாக் என்று ஒன்று உண்டு, சர்வர் தான் செய்த ஒவ்வொரு காரியத்தையும் எழுதிவைக்கும் இடம். அதைத் திறக்காமல்தான் இவ்வளவு நேரம் வரிசையையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அக்காவின் சர்வர் பெயரைக் கொடுத்துத் தேடினேன். இன்று காலை ஆறு பத்து: ஒலிக்கோப்பு ஒன்று வந்தது, அமைப்பின்படி மறுக்கப்பட்டது. நேற்று ஆறு ஐந்து: ஒலிக்கோப்பு ஒன்று வந்தது, அமைப்பின்படி மறுக்கப்பட்டது. அதற்கு மேலும் அதே வரி, அதற்கு மேலும். அவள் பேசியிருக்கிறாள். தினமும் காலையில் எழுந்து, பல் துலக்கி, பேசிப் பார்த்து, அதை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள். எந்த அமைப்பு? யார் வைத்த அமைப்பு? நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். அந்த சர்வருக்கு நேராக, கோப்புகளை ஏற்காதே என்று ஒரு கட்டம், அதில் ஒரு டிக், பக்கத்தில் நாள், ஐப்பசி மழை கொட்டிய வாரம், அதற்குப் பக்கத்தில் செய்தவர் பெயர். பியூலா. வேறு யார் பெயர் இருக்கும், நிர்வாகி நான் ஒருத்திதான். ஞாபகம் வந்துவிட்டது. வட்டு நிறைந்து சர்வர் நின்று நின்று போனது, பார்த்தால் அக்காவின் சர்வரில் யாரோ ஒருவர் மூச்சுப் பயிற்சி என்று பெரிய பெரிய வீடியோவாகப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவும் இங்கே வந்து குவிந்துகொண்டிருந்தது. அக்கா எழுத்துதானே போடுகிறாள், எழுத்து வரும், கோப்பு வேண்டாம் என்று ஒரு டிக். புது வட்டு வாங்கினதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பொங்கலுக்கு மறுநாள் புது வட்டு வாங்கினேன், மாட்டினேன், ஓடியது, சந்தோஷமாக எழுந்துபோய்விட்டேன். அவள் பேச ஆரம்பித்தது அதற்குப் பத்து நாள் கழித்து. பத்து நாள் இருந்தது எனக்கு. ஒரு டிக்கை எடுக்க ஒரு விநாடி போதும்.

எடுத்தேன். எடுத்ததும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காது என்று எனக்குத் தெரியும், இனி வருவதைத்தான் அது ஏற்கும், போனது தானாக வராது. பழையதைப் போய் எடுத்துவா என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்துவிட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று வந்தது. இரண்டு. ஏழு. வெள்ளை ஒவ்வொன்றாக நிறைந்தது, பெயருக்குக் கீழே ஒரு கோடும் ஒரு முக்கோணமும், பத்தொன்பது விநாடி, இருபத்தாறு விநாடி, நாற்பது. முப்பதில் நின்றது. மறுபடி கட்டளை கொடுத்தேன். முப்பதுதான். முப்பத்தோராவது கோப்பு அங்கேயே இல்லை, அதற்கு முந்தினதும் இல்லை. அந்த சர்வர்க்காரர் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார், இடம் போதாததால் முப்பது நாள் கழிந்த ஒலிகள் அழிக்கப்படும் என்று, அவளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்த நாளில் நானே வாசித்த வரி. அப்படியானால் முதல் முப்பத்திரண்டு நாள் எங்கேயும் இல்லை. அவளிடம் இருக்குமா? இருக்காது, நேராக அந்தப் பக்கத்திலேயே பொத்தானை அழுத்திப் பேசும்படிதான் நான் சொல்லிக்கொடுத்தேன், போனில் இடம் அடைக்காதுக்கா என்றேன்.

கிடைத்ததில் பழையதை அழுத்தினேன். "வணக்கம். இன்னைக்கு முப்பத்து மூணாவது நாள். குரல் பயிற்சி டீச்சரம்மா எழுத்துக்குப் பின்னால ஒளியக்கூடாதுன்னு சொன்னதால இன்னைக்கும் எழுதல. கேளு, ஆ, ஆ." அக்கா. குரல் இருந்தது. மெலிந்து, ஓரம் உரிந்து, ஆனால் குரல்தான், காற்று இல்லை. முகத்தை மூடாமல் அழுதேன், அழும்போதே அடுத்ததை அழுத்தினேன், கோழியைப் பற்றி ஒரு வரி, அடுத்தது, ஒரு பழைய ஞானப்பாட்டின் கீழ்க்குரல் இரண்டு சுரம், பாதியில் இருமல், "சே, போச்சு, பரவால்ல, நாளைக்கு." நாற்பத்தைந்தாவது நாள், "பியூ, நேத்து நட்சத்திரம் கொஞ்சம் பிந்திச்சு, நல்லால்லையோன்னு நெனச்சேன்." அதைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன், புளிக்கரைசல் அப்படியே இருந்தது, திரும்பி வந்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். முப்பதும் சேர்ந்து பதினேழு நிமிஷம், இவ்வளவுதான், இரண்டு மாதமாக நாளுக்கு அரை நிமிஷம். கடைசியில் இன்று காலையினுடையது, நாளைக்கான பாடத்தின் தொடக்கம். முதல் இரண்டு வரி கண்ணாடி மாதிரி வந்தது. மூன்றாவது நீண்ட வரி, அதன் நடுவில் குரல் இறங்கி, காற்றாகி, வரியின் முடிவு வரவே இல்லை. அவளுக்கு அது வந்ததாகத் தோன்றியிருக்கிறது, தனக்குள்ளே கேட்டிருக்கும். நாசரேத் கோவில் பெரியது, மைக் ஏற்கெனவே கரகரக்கும், முன்வரிசையில் பிள்ளைகள் ஓலையை ஆட்டிக்கொண்டிருக்கும். முதல் நாளைவிட எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்கிறாள். முதல் நாள் எப்படி இருந்தது என்று தெரிந்தால் ஒருவேளை நான் ஆச்சரியப்பட்டு, எழுந்து நின்று வாசி என்று சொல்வேனோ என்னவோ. தெரியாது. அதைக் கேட்டிருக்க வேண்டிய ஆள் கேட்கவில்லை. பொய் சொல்லலாம். நல்லா இருக்குக்கா, வாசி. அதைத் தட்டச்சு செய்யக் கைதூக்கினேன், அவளுடைய கேள்விக்குப் போனேன், அதற்குக் கீழே மஞ்சளாக ஒன்று. ஒன்பது இருபத்து நான்கு. கேள்வி வந்து இரண்டு நிமிஷத்தில். பத்தரைக்குத்தான் வாசித்தேன், ஒன்பது இருபத்து நான்குக்கே தட்டியிருக்கிறேன்.

அவள் எண்ணைத் தேட வேண்டியிருந்தது, பட்டியலில் அவ்வளவு கீழே போயிருந்தது. ஒரே மணியில் எடுத்தாள். "பியூ!" என்றாள், வாய்விட்டு, சத்தமாக, எனக்குக் காது கூசியது. "கேட்டியாட்டி, ஐயரம்மாகிட்ட அப்பவே சொல்லிட்டேன், வாசிக்கேன்னு. ஒன் நட்சத்திரம் வந்த ஒடனே சொல்லிட்டேன். பட்டுப் பொடவைய வெயில்ல போட்டிருக்கேன்." நான் அக்கா என்றேன். "என்ன, ஏன் ஒரு மாதிரி இருக்க?" எழுதிவைத்துக்கொண்டு வாசிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன், டிக், வட்டு, வெள்ளை, இன்றைக்குத்தான் பார்த்தேன், முப்பது கிடைத்தது, முப்பத்திரண்டு போய்விட்டது. கோளாறு என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அவள் பக்கம் ஒரு காகம் கத்தியது. "அப்ப நட்சத்திரம்?" "பாக்காம போட்டேன்க்கா." "எல்லாமா?" "ஆமா." "இன்னைக்குக் கேட்டதுக்கும்?" "ஆமாக்கா." அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "மொத நாள் அழுதேனே," என்றாள். "ஒன் பேரச் சொல்ல வரல, மூணு தடவ சொல்லிப் பாத்தேன், அழுகையா வந்துட்டு, அப்படியே அனுப்பிட்டேன். சாயங்காலம் பாத்தா நட்சத்திரம் இருந்துச்சு. சரி, கேட்டுட்டா, ஒண்ணும் சொல்லாம தட்டிக்குடுத்திருக்கா, அதான் மறுநாளும் பேசினேன்." நாளைக்கு நன்றாகத்தான் வாசிப்பாய் என்று சொல்ல வாய் திறந்தேன், அதை நான் சொன்னால் அவள் எதற்காக நம்ப வேண்டும் என்று மூடிக்கொண்டேன்.

"சரி, இப்ப வாசிக்கேன், நீ கேளு, வச்சிராத," என்றாள். பக்கம் புரளும் சத்தம். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவதன் நடுவில் இறங்கிப்போயிற்று. "எப்படி?" "மூணாவது வரியில பாதிக்கு மேல சத்தம் இல்லக்கா." "எங்க, பட்டணம்ங்கிற எடத்துலயா?" "அதுக்கு ரெண்டு சொல் முன்னாலயே." மூச்சை இழுத்துவிட்டு மறுபடி வாசித்தாள். மறுபடி அதே இடம். அவர் குருத்தோலைக் கட்டுகளோடு திரும்பி வந்து வாசலில் போடும் சத்தம், நான் கையைக் காட்டி அமர்த்தினேன். மூன்றாவது தடவை இரண்டாம் வரியிலேயே போய்விட்டது, களைத்துவிட்டாள். "வேண்டாம்னு சொல்லிரட்டா?" என்று கேட்டாள், சின்னப் பிள்ளை கேட்பதுபோல. இல்லக்கா, வாசி, போனால் போகட்டும், எல்லாரும் நம்ம ஆட்கள்தானே என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது. "சொல்லிரு அக்கா," என்றேன். "இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னு தோணுது." ம் என்றாள். பொடவையை எடுக்கணும், வெயில் ஏறிட்டு என்றாள். தினமும் காலையில் நான் போன் பண்ணுதேன்க்கா, நீ பேசு, நான் இருந்து கேக்கேன் என்றேன், அவசர அவசரமாக, வைத்துவிடுவாளோ என்று. கோபம் இல்லை அவள் குரலில், கரகரப்புகூடக் குறைந்திருந்தது, அடுத்த தெருப் பெண்மணி ஒருத்தியிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள், "ஒனக்கு வேல கெடக்கும் பியூலா, காலேஜுக்குக் கெளம்பணும். நீ செரமப்படாத. அங்க டீச்சரம்மா இருக்காங்க, அவங்க கேப்பாங்க." ஐம்பது வருஷத்தில் அக்கா என்னைப் பியூ என்று கூப்பிடாமல், வேற்றாளிடம்போல மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்முறை.